நாலு நிமிஷம் பத்து செகண்டு

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இசக்கியம்மாவைக் காணவில்லை.

"எக்கா இன்னைக்கு வரலையா?" என்று கிங்ஸ்டன் பொதுவாகக் கேட்டான்.

"இங்கனதான் இருக்கேன் தம்பி" என்று ஒரு துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

காலர் வைக்காத வெள்ளைச் சட்டைகள் அவளுடைய மெஷினை மூன்று பக்கமும் மறைத்துக்கொண்டு நின்றன. நான்காவது பக்கம் சுவர். இடைவெளியில் அவளுடைய கொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனி அது. பாளையங்கோட்டையில், ஒரு பழைய மிஷன் பங்களாவின் பின்கட்டில் இருபது மெஷின்களோடு நடந்துவந்தது. ஒரு சட்டை பல கைகள் மாறித்தான் முழுசாகும். இரண்டு பேர் பாக்கெட் தைப்பார்கள். இரண்டு பேர் தோள் சேர்ப்பார்கள். அதன்பிறகு காலர். காலர் ஆனபிறகுதான் கை, பக்கவாட்டு, பட்டன் எல்லாம். காலருக்கு மட்டும் ஒரே ஆள், இசக்கியம்மா. ஐம்பத்திரண்டு வயது. அவளைத் தவிர அந்த மெஷினில் யாரும் உட்கார்ந்ததாகக் கிங்ஸ்டனுக்கு ஞாபகமில்லை.

கிங்ஸ்டன் அங்கே மேனேஜர். பதிமூன்று வருஷத்துக்கு முன் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவன். பள்ளிக்கூடம் திறக்க இருபத்தைந்து நாள்தான் இருந்தது. அதற்குள் கையிலிருந்த சில்லறை ஆர்டர்களை முடித்து, நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு இரண்டாயிரத்து நானூறு சட்டை போயாக வேண்டும்.

சாதாரணமாக இருந்தால் அவன் இந்தக் குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். ஆனால் அவன் அஞ்சல் வழியில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தான். நேற்று, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போன வகுப்பில், உற்பத்தி மேலாண்மையின் அடிப்படைகள் என்று பாடம். பேராசிரியர் போர்டில் ஒரு பாட்டில் படம் வரைந்தார்.

"பாட்டில் எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன? தண்ணி வெளிய வாரது கழுத்து அகலத்துக்குத்தான். உங்க தொழில்ல அந்தக் கழுத்து எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. அதைச் சரி பண்ணுங்க. மத்ததெல்லாம் தானா ஓடும்."

"எங்க கம்பெனியில கழுத்துலதான் சார் கழுத்து" என்றான் கிங்ஸ்டன்.

வகுப்பே சிரித்தது. அவன் சொல்லி நாற்பது பேர் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை காலைவரை வடியாமலிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கைபேசியில் நேரம் குறிக்க ஆரம்பித்தான். பாக்கெட், ஒரு நிமிஷம் ஐந்து செகண்டு. தோள், ஐம்பது செகண்டு. இசக்கியம்மா பக்கத்தில் போய் நின்றதும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தையுங்க எக்கா."

"நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது தம்பி. அங்கன போய் நில்லுங்க."

அங்கன போய் நின்று, குவியலுக்குள் போகும் சட்டையையும் வெளியே வரும் சட்டையையும் வைத்துக் கணக்குப் பார்த்தான். நாலு நிமிஷம் பத்து செகண்டு.

"எக்கா, ஒரு காலருக்கு நாலு நிமிஷத்துக்கு மேல ஆகுது. திருப்பூர்ல ரெண்டு நிமிஷந்தானாம். போன் போட்டுக் கேட்டேன்."

"அங்க உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து வேற மாதிரி இருக்குமோ என்னமோ."

"வெளாடாதீங்க எக்கா."

"வெளாடுததுக்கு எங்க தம்பி நேரம்? நீங்கதான் கடிகாரத்தோட நிக்கியளே."

பாக்கெட் தைக்கும் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கிங்ஸ்டனுக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

முதலில் அவன் ஆளை மாற்றவில்லை. ஊக்கம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தான். வாசலில் ஒரு போர்டு மாட்டி, ஒவ்வொருவரும் அன்றைக்கு எத்தனை தைத்தார்கள் என்று எழுதினான். முதலில் வருகிறவருக்குச் சாயந்தரம் ஒரு பொட்டலம் மிக்ஸர்.

மிக்ஸர் நன்றாக வேலை செய்தது. பாக்கெட்காரிகள் பறந்தார்கள். தோள் சேர்ப்பவர்கள் மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். குவியல் இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு வந்தது. கை பொருத்துகிறவர்களுக்கோ காலர் வந்தால்தான் வேலை. மிக்ஸரை விடவும் மனசில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று கைகளை மட்டும் தனியாக மடித்துத் தைத்துக் குவித்தார்கள். நான்காம் நாள் செக்கிங் மேசையில் உட்காரும் சித்ரலேகா வந்து நின்றாள்.

"சார், தொள்ளாயிரம் கை தைச்சு வச்சிருக்காவ."

"பாத்தியா? முன்கூட்டியே தயார்."

"தொள்ளாயிரமும் இடது கை சார். இடது கைக் கட்டுதான் முதல்ல மேல இருந்துச்சாம்."

இசக்கியம்மாவுக்கு மிக்ஸர் ஒருநாளும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அவள் கையில் போட்டார்கள். அதைத் தின்றுகொண்டே அவள் நாலு நிமிஷம் பத்து செகண்டுக்கு ஒரு காலர் தைத்தாள்.

அடுத்த வாரம் கிங்ஸ்டன் டீ நேரத்தில் கை வைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போனால் இருபது மெஷினும் கால் மணி நேரம் தூங்குகின்றன. ஆகவே முறை வைத்து, நான்கு நான்கு பேராகப் போக வேண்டும் என்று எழுதி ஒட்டினான். மெஷின்கள் தூங்கவில்லை. ஆனால் அந்த டீ நேரத்தில்தான் இவர்கள் ஒருவருக்கொருவர், "ஏட்டி, மத்தியானத்துக்கு மேல இருபத்தெட்டு சைஸ் வருது, பாத்துக்கோ" என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவனுக்குத் தெரியாது. சொல்ல ஆளில்லாமல் போனதும் இருபத்தெட்டு சைஸ் உடம்புக்கு முப்பத்தாறு சைஸ் கை ஏறியது. அரைக்கைச் சட்டைகள் மணிக்கட்டைத் தொட்டன. நூற்றெழுபது சட்டைகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

முதலாளி ஜேசுதாசன் அண்ணாச்சி வந்து பார்த்தார். அந்தக் காலத்திலேயே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் கழுத்தில் விசில் தொங்கும். கோபம் வந்தால் முதலில் விசில், அப்புறம்தான் பேச்சு.

விசில் அடித்துவிட்டுக் கேட்டார். "என்னவே இது? படிக்கப் போறேன்னு சொன்னீரு. படிக்காம இருந்தப்போ நல்லாத்தானவே ஓடிச்சு?"

"அண்ணாச்சி, குறை எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். காலர்தான். ஆளை மாத்தினா ரெண்டே நாள்ல சரியாயிரும்."

"இசக்கியம்மாவையா? அவ தைச்ச காலரு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையேவே."

"தரம் வேற, வேகம் வேற அண்ணாச்சி."

இது வகுப்பில் எழுதிக்கொண்டது. சொல்லும்போது நன்றாக இருந்தது. அண்ணாச்சி விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "என்னமும் செய்யும். சட்டை போகணும்" என்று கிளம்பிவிட்டார்.

கிங்ஸ்டன் இசக்கியம்மாவைப் பட்டன் தைக்கும் இடத்துக்கு மாற்றினான். இதைச் சொல்ல அவன் ஒரு மணி நேரம் தயங்கினான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான்.

"நாளையில இருந்து ஷம்ஸியா காலர் தைக்கட்டும் எக்கா. நீங்க பட்டன் பாருங்க. நோகாத வேலை."

அவள் மெஷினிலிருந்து கையை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாரம் நானும் அவகூட இருந்து தைக்கட்டுமா தம்பி? பழகுத வரைக்கும்?"

"வேண்டாம் எக்கா. ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் போட்டா அது வீண்."

"வீணா" என்று அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். மடியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஷம்ஸியாவுக்கு இருபத்துநாலு வயது. மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். ஒரு காலர் ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டு. இசக்கியம்மா அதுவரை தைத்தவை சில்லறை ஆர்டர்களுக்குப் போய்விட, நாங்குநேரிச் சட்டை முழுக்க இவள் கையில்தான் வந்தது. இரண்டே நாளில் குவியல் கரைந்து சுவர் தெரிந்தது. அந்தச் சுவரில் ஒரு காலண்டர் இருந்ததே அப்போதுதான் கிங்ஸ்டனுக்குத் தெரிந்தது. நேரக்கணக்கையெல்லாம் அழகாகக் கட்டம் போட்டு வகுப்புக்குக் கட்டுரையாகவே எழுதிக் கொடுத்துவிட்டான். பேராசிரியர் "மிக நன்று" போட்டார். சட்டைகளைச் சித்ரலேகா மடித்தபடியே எண்ணி அனுப்பினாள்; யாரும் ஒன்றைப் போட்டுப் பார்க்கவில்லை.

இசக்கியம்மா நாலு நாள் பட்டன் தைத்தாள். ஐந்தாம் நாள் சாயந்தரம், "கண்ணு ஒத்துவரல தம்பி. வாரேன்" என்றாள். எல்லோரும் தினமும் சொல்லிவிட்டுப் போகிற 'வாரேன்'தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சட்டை அனுப்புகிற அவசரத்தில் கிங்ஸ்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லையே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ஒன்பதரைக்குத் தலைமையாசிரியையிடமிருந்து போன். "உடனே வாங்க. வந்து நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சியும் கிங்ஸ்டனும் காரில் போய் இறங்கியபோது, பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை, ஒரே மாதிரி. எதிரே இருப்பவரிடம் ஏதோ சந்தேகம் கேட்பது போல.

"காலையில பிரேயர்ல இப்படித்தான் நின்னாங்க" என்றார் தலைமையாசிரியை. "கேலி பண்ணுறாங்கன்னு நினைச்சு ரெண்டு பேரை வெயில்ல நிக்க வச்சிட்டேன். அப்புறம் பார்த்தா ஒன்பதாம் வகுப்பு டீச்சர் சொல்றாங்க, சட்டைதான் காரணம்னு."

அண்ணாச்சிக்கு இப்படி நிற்கும் வரிசையைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அவருக்குள் இருந்த டிரில் மாஸ்டர் விழித்துக்கொண்டார். விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார்.

"தலை நேர்!"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. நிமிர்ந்ததும் எல்லாப் பிள்ளைகளுடைய வலப்பக்கக் காலர் முனையும் மேலே ஏறிக் காதுக்குக் கீழே குத்தியது. "ஆ" என்று ஒரு சத்தம் மைதானம் முழுக்க எழுந்தது. தலைகள் பழையபடி இடப்பக்கம் சாய்ந்தன.

அண்ணாச்சி இன்னொரு முறை ஊத வாயருகே கொண்டுபோனார். கிங்ஸ்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டாயிரத்து நானூறு சட்டையும் திரும்பி வந்தன. வரும் வழியில் அண்ணாச்சி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கம்பெனிக்கு வந்ததும் ஷம்ஸியா அழுதாள். "நான் வேணும்னு செய்யல சார். இந்த முனையில இருந்து தைச்சிட்டுப் போனா அந்த முனையில காலரு மிஞ்சி நிக்குது. இழுத்துப் பிடிச்சு முடிச்சேன். உங்ககிட்ட கேக்கலாம்னு பாத்தா, நீங்க கடிகாரத்தோட நிக்கிய."

"பைய தை. அவசரமே இல்ல."

அவள் நாலு நிமிஷம் பத்து செகண்டு எடுத்துத் தைத்தாள். காலர் ஏறிக்கொண்டுதான் நின்றது. ஆறு நிமிஷம் எடுத்துத் தைத்தாள். அப்போதும் அப்படியே. தோள் சேர்ப்பவர்கள் முயன்றார்கள். சித்ரலேகா முயன்றாள். கடைசியில் கிங்ஸ்டனே உட்கார்ந்து தைத்து, அதைப் போட்டுப் பார்த்து, தலையைச் சாய்த்துக்கொண்டு எழுந்தான்.

போன வருஷத்துச் சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். சுருக்கமில்லை, மடிப்பில்லை. காலர் கழுத்தில் பூப்போல உட்கார்ந்திருந்தது.

"அது அவிய கைவாகு சார்" என்றாள் சித்ரலேகா. "நமக்கு வராது."

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி பிரிஸில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மிக்ஸர், டீ, இடது கை என்று வரும்போதெல்லாம் அவள் சிரித்தாள். இசக்கியம்மா "வீணா" என்று சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க வேலைக்குச் சேந்த புதுசுல டிபன் கொண்டுபோக மறந்தா, அந்த அக்காதான சோறு குடுப்பாவ?"

"ஆமா."

"அவிய மக கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுத்தாவளே. போனமா?"

"சீசன் நேரம் பிரிஸி அது."

"நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க. சட்டைக்காகக் கேக்காதீங்க. சும்மா கேளுங்க."

மறுநாள் ஒரு சீப்புக் கோழிக்கூடு பழம் வாங்கிக்கொண்டு முன்னீர்பள்ளத்துக்குப் போனான். அவளுடைய வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது, வெயிலைவிட அது அதிகமாகச் சுட்டது.

வாசலில் ஒரு பெரியவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். இசக்கியம்மாவின் கணவர் இசக்கிமுருகன். மணிமுத்தாறுக்கு மேலே மலையில் எஸ்டேட் வேலை பார்த்தவர். எஸ்டேட்டை மூடியபிறகு போன வருஷம்தான் கீழே இறங்கி வந்திருந்தார். கிங்ஸ்டனை அவர் பார்த்ததே இல்லை.

"கம்பெனியில இருந்து வாரேன்" என்றான் கிங்ஸ்டன். பெயரைச் சொல்ல நா எழவில்லை. "அக்காவைப் பாக்கணும்."

"வாங்க தம்பி, வாங்க. மக வீட்டுக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா. உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் நாலைந்து தலையணைகள் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து அவன் முதுகுக்கு வைத்தார். மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அக்கா எப்படி இருக்காவ?"

"சும்மா இருக்க மாட்டேங்கா. அங்க என்ன நடக்கோ, என்ன நடக்கோன்னு ஒரே பொலம்பல். சட்டையெல்லாம் திரும்பி வந்துட்டாமே?"

"ஆமா. யாருக்கும் அந்தக் காலர் வைக்க வரல. அக்கா கைவாகு அப்படி."

இசக்கிமுருகன் சிரித்தார். "கைவாகுமில்ல, ஒரு மண்ணுமில்ல தம்பி. காலரு வெட்டுத அளவு அட்டையே தப்பு."

கிங்ஸ்டன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"கால் இஞ்சு கூடுதலு. எல்லா சைஸுக்கும் அந்த ஒரு அட்டையைப் பாத்துத்தான் வரைஞ்சிருக்காவளாம். அதனால எல்லாமே காலிஞ்சு கூடுதலு. இவ என்ன செய்வா, ஒவ்வொரு காலரையும் எடுத்து, ஓரத்துல காலிஞ்சு நறுக்கி, முனையைத் திருத்தி, அப்புறந்தான் தைப்பா. பதிமூணு வருஷமா, மத்தவ ரெண்டு நிமிஷத்துல செய்யுததை இவ நாலு நிமிஷம் செய்வா. மேனேஜருன்னு ஒருத்தன் கடிகாரத்தை வச்சிக்கிட்டு நின்னானாம். நேரத்தை அளந்தவன் துணியை ஒருநாள் அளந்தானா?"

"அளக்கல" என்றான் கிங்ஸ்டன்.

"நறுக்குன துணியைக் கூடையில போட்டா யாராவது பாத்துருவாவன்னு மடியில கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துருவா. நீங்க சாஞ்சிருக்கிய பாருங்க, அந்தத் தலகாணிக்குள்ள பூரா உங்க கம்பெனி காலருதான். அந்தா கெடக்க நாலும் அதேதான். மக கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டா. அப்ப வேற யாரு தைச்சாலும் குத்தாம இருக்கட்டும்னு, முன்னாடியே இருநூறு காலரை நறுக்கி, கட்டி வச்சிட்டுத்தான் வந்தா."

கிங்ஸ்டன் முதுகை முன்னால் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பதிமூன்று வருஷத்து நறுக்கல் அவன் முதுகுக்குப் பின்னால் மெத்தென்று இருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கடைசியில் அது ஓர் ஆளைத் தேடிப் போனது.

"இம்புட்டு வருஷமா ஏன் அக்கா சொல்லல? அந்த அட்டையை வெட்டுனது யாரு? சொல்லுங்க. எவனா இருந்தாலும் நாளைக்கே வெளிய அனுப்பிருவோம்."

"இதுக்குத்தான் தம்பி அவ சொல்லல" என்று இசக்கிமுருகன் பதறினார். "கட்டிங் மாஸ்டர் லீவுல போனப்போ, புதுசா வேலைக்கு வந்த ஒரு பையன் ஆசையா வெட்டினானாம். கல்யாணமாகி அஞ்சாறு மாசந்தான் இருக்குமாம். மொதலாளி விசில் அடிச்சி வெளிய தள்ளிருவாரேன்னு இவ வாயத் தொறக்கல. ரெண்டு நாள்ல அவனே கண்டுபிடிச்சிருவான்னு இருந்திருக்கா. அவன் கண்டுபிடிக்கவே இல்ல. இப்பவும் அவன் நினைப்புத்தான் அவளுக்கு."

கிங்ஸ்டன் பின்னால் கைவிட்டு அந்தத் தலையணையைத் தொட்டான். வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை கேட்டது. இசக்கிமுருகன் வாசலைப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு அந்த மேனேஜர்கிட்ட மட்டும் போய்ச் சொல்லிராதீய தம்பி. பாவம், அந்தக் கிங்ஸ்டன் பயலுக்கு வேலை போயிரும்."